கால்வாசி வருத்தம்

செப்டம்பர் 6

மாப்பிள்ளைக்கு,

மழை தொடங்குவதற்கு முன் நீ என் டைல்ஸ் கடையை விட்டுப் போனாய். மழை முடிவதற்குள் இடது பக்கம் ஆடும் வெட்டுக்கிளி நம் கால்பந்து கிளப்பை விட்டுப் போனான். இரண்டு பேரும் ஒரே ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள். நடந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சுதான் இங்கே ஓய மாட்டேன் என்கிறது.

கடிதமா என்று சிரிக்காதே. போன தடவை ஃபோனில் நாம் கத்திய கத்தலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். அன்றைக்கே உன் அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இனிமே ரெண்டு பேரும் ஃபோன்ல பேசவே கூடாது. ஏதாவது சொல்லணும்னா எழுதுங்க. எழுதும்போது யாரும் குறுக்க பேச முடியாது." நான் கடைசியாகக் கடிதம் எழுதியது வங்கி மேலாளருக்கு. இதுவும் அதே மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில், மைதானத்தில் நாம் எப்போதும் உட்காரும் வரிசையில் ஒருத்தரும் பந்தைப் பார்க்கவில்லை. வெட்டுக்கிளி வருத்தப்படுகிறானா இல்லையா என்பதுதான் விவகாரம். சலூன்காரர் சொன்னார்: "டிவில அவன் மூஞ்சியப் பாத்தீங்களா? பெஞ்சுல உக்காந்து நகத்தைக் கடிக்கறான். உள்ளுக்குள்ள அழறான்யா அவன்." பேக்கரிக்காரர் விடவில்லை. "நகம் வளந்திருக்கும், கடிக்கறான். நான் பழைய முதலாளிய விட்டு வந்து எத்தனை வருஷமாச்சு! இன்னிக்கு வரைக்கும் அவரை நினைச்சு ஒரு பன்னைக்கூடக் கருக விட்டதில்ல." இதற்குள் எதிர் அணி ஒரு கோல் போட்டுவிட்டது. அது எப்படி விழுந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

நான் சலூன்காரர் கட்சி. போனவன் வருத்தப்படத்தான் செய்வான். வெளியே சொல்ல மாட்டான், அவ்வளவுதான்.

இப்போது வியாபாரம். பக்கத்தில் இருக்கும் திரைச்சீலைக் கடை காலியாகிறது. எடுத்துக்கொள்கிறேனா என்று கட்டடத்தின் சொந்தக்காரர் கேட்கிறார். வருட முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கடையில் தரை டைல்ஸ், அந்தக் கடையில் குளியலறைச் சாமான் என்று பிரித்தால் நன்றாக ஓடும். ஆனால் இரண்டு கடைக்கு ஒற்றை ஆளாக நான் ஓட முடியாது. வெளி ஆளை நம்பிக் கல்லாவை விட மனசு வரவில்லை. உனக்குத் தருகிறேன். சம்பள ஆளாக இல்லை, பங்காளியாக. ஒரே நிபந்தனை. "நான் போனது தப்பு, வருத்தப்படுகிறேன்" என்று ஒரு வரி எழுதி அனுப்பு. போதும்.

உயரத்தில் இருக்கும் பெட்டிகளை எட்டி எடுப்பதால் உன்னை எல்லோரும் ஏணி என்று கூப்பிடுவார்களே, நீ போன பிறகு நிஜ ஏணி ஒன்று வாங்கிவிட்டேன். அது எதிர்த்துப் பேசுவதில்லை.

அத்தான்

செப்டம்பர் 17

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. வங்கி மேலாளர் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா சொன்னது சரிதான். ஃபோனாக இருந்திருந்தால் உங்கள் நிபந்தனையைக் கேட்டதும் கத்தியிருப்பேன். இப்போது இரண்டு தடவை படித்துவிட்டு, மூன்றாவது தடவை சிரித்தேன்.

நான் ஏன் போனேன் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? கடைக்குள்ளேயே ஒரு குளியலறையை முழுசாகக் கட்டி வைப்போம், ஜனங்கள் ஒற்றை டைல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பதற்குப் பதிலாக மொத்தமாகப் பார்த்து வாங்கட்டும் என்றேன். நீங்கள் வாடிக்கையாளர்கள் முன்னால் சிரித்தீர்கள். "சோப்பும் துண்டும் நான் தரட்டுமா?" என்று கேட்டீர்கள். அவர்களும் சிரித்தார்கள். இங்கே இந்தக் கம்பெனியில் அப்படிப் பன்னிரண்டு குளியலறைகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றுக்குள் நுழைந்தவர்கள் வெறுங்கையோடு வெளியே வருவதில்லை. விளக்கை எந்தப் பக்கத்திலிருந்து போட்டால் மங்கல் நிறம்கூட எடுப்பாகத் தெரியும் என்பதை இங்கேதான் கற்றுக்கொண்டேன்.

ஆகவே வருத்தம் இல்லை. வெட்டுக்கிளிக்கும் இல்லை. நம் மைதானத்தில் மழை பெய்தால் கணுக்கால் வரைக்கும் சேறு. இங்கே புல்தரை மெத்தை மாதிரி இருக்கிறது. எந்த ஆட்டக்காரன் சேற்றை நினைத்து அழுவான்? பெஞ்சில் உட்கார்ந்தாலும் கற்றுக்கொண்டுதான் இருப்பான்.

எனக்கும் இங்கே ஒரு பெஞ்ச் உண்டு என்பதை மறைக்கவில்லை. விற்பனையாளர்களில் நான் பதினான்காவது ஆள். சட்டையில் எண் குத்தியிருக்கிறார்கள். "பதினாலு, ரெண்டாவது மாடிக்கு வா" என்று ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். ஜெர்சி எண் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்ட வரியை எழுத முடியாது. பக்கத்துக் கடைக்கு வேறு ஆள் பாருங்கள்.

வாசலில் நீல டைல்ஸ் அடுக்கு இன்னும் சாய்ந்துதான் நிற்கிறதா?

உங்கள் மைத்துனன்

அக்டோபர் 4

மாப்பிள்ளைக்கு,

வேறு ஆள் பார்க்கும் விஷயத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பார்த்தேன். ஒருத்தர் வந்தார். வெள்ளையையும் தந்த நிறத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இன்னொருத்தர் வந்தார். வெள்ளையில் மட்டும் ஆறு வகை சொன்னார், ஆனால் வந்தவரை உட்காரச் சொல்லத் தெரியவில்லை.

அதை விடு. பெரிய செய்தி இருக்கிறது. வெட்டுக்கிளி நம் கடைக்கு வந்தான்! அவன் அம்மாவுக்கு இங்கே வீடு கட்டுகிறான். தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு வந்தும், உள்ளே நடந்த நடையிலேயே தெரிந்துவிட்டது. தொட்டால் பறந்துவிடுவான் போல அந்த நடை. வயசானவங்களுக்கு வழுக்காத தரை டைல்ஸ் வேணும் என்றான். காட்டினேன். பேரம் பேசினான். நன்றாகவே பேசினான். பாதியில் என்னால் அடக்க முடியவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம கிளப்பை விட்டுப் போனதுக்கு வருத்தப்படறீங்களா?"

கையிலிருந்த டைல்ஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "அண்ணே, பெட்ரோல் போடப் போனா இதைத்தான் கேக்கறாங்க. முடி வெட்டப் போனா இதைத்தான் கேக்கறாங்க. ஆமான்னு சொன்னா அங்க உள்ளவங்க உதைப்பாங்க. இல்லைன்னு சொன்னா நீங்க விலையை ஏத்துவீங்க. எனக்கு இந்த டைல்ஸ் வேணும். ஆளை விடுங்க."

விட்டுவிட்டேன். ஆனால் வண்டியில் ஏறப் போனவன் திரும்பி வந்து கேட்டான்: "இடது பக்கம் இப்ப ஆடறானே புதுப் பையன், கார்னர் அடிச்சா நேரா கீப்பர் கையில கொண்டுபோய்க் குடுக்கறானே, அவனுக்கு யாருமே எதுவும் சொல்லித்தரலையா?"

எத்தனை வருடமாகக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன்! வேறு கடையில் சரக்கு வாங்கிய ஆள், அந்த வழியாகப் போகும்போது நம் கடையில் நுழைந்து அதே சரக்கின் விலையைக் கேட்டால் என்ன அர்த்தம்? வாங்கியதில் மனசு நிறையவில்லை என்று அர்த்தம். வெட்டுக்கிளி விலை கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். சலூன்காரரிடம் சொன்னேன். "நான் அப்பவே சொல்லலியா!" என்று துள்ளினார்.

நீயும்தான் விலை கேட்டிருக்கிறாய். நீல டைல்ஸ் அடுக்கு சாய்ந்திருக்கிறதா என்று எதற்காகக் கேட்டாய்?

சரி, இறங்கி வருகிறேன். "தப்பு" என்று எழுத வேண்டாம். "பாதி வருத்தம்" என்று எழுது. கடைச் சாவி உனக்கு.

அத்தான்

அக்டோபர் 15

அன்புள்ள அத்தானுக்கு,

வருத்தத்தைப் பாதி விலைக்குத் தள்ளுபடியில் கேட்கும் ஒரே வியாபாரி நீங்கள்தான்.

நீல டைல்ஸ் அடுக்கு யார் காலிலாவது விழுந்துவிடுமே என்ற கவலையில் கேட்டேன். வெட்டுக்கிளியும் அந்தப் பையன் கார்னர் அடிப்பதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் கேட்டிருப்பான். தொழில் தெரிந்தவன் தொழில் கெடுவதைப் பார்த்தால் வாய் திறக்கத்தான் செய்வான். அது வருத்தமா? வருத்தப்படுகிறவன் உங்களிடம் பேரமா பேசுவான்? கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்ட விலையைக் கொடுத்திருப்பான்.

இருக்கட்டும். கடையில் தண்ணீர் புகுந்ததாக அக்கா சொன்னாள். எப்படி என்று கேட்டால், "அதை அவரே எழுதுவார்" என்று சிரிக்கிறாள். ஒரு மணி நேரம் கேட்டும் அவளிடமிருந்து வேறு எதுவும் வரவில்லை. குழாய் உடைந்துவிட்டதா? உண்மையாகவே பயமாக இருக்கிறது, எழுதுங்கள்.

மைத்துனன்

பின்குறிப்பு: பாதி வருத்தமும் இல்லை.

அக்டோபர் 28

மாப்பிள்ளைக்கு,

குழாய் உடையவில்லை. திறந்தார்கள்.

கடையின் பின்பக்க மூலையில் நான் ஒரு குளியலறை கட்டினேன். சிரிக்கலாம், நிறுத்தி நிதானமாகச் சிரி. உன் யோசனையை நான் ஏற்றுக்கொண்டதாக நினைத்துக்கொள்ளாதே. நடக்காது என்று நிரூபிக்கத்தான் கட்டினேன். அப்படித்தான் உன் அக்காவிடம் சொன்னேன். கொத்தனாரைக் கூப்பிட்டால் கூலி கேட்பார் என்று நானே டைல்ஸ் ஒட்டினேன். ஷவர் வேலை செய்வதைக் காட்ட வேண்டும் என்று தண்ணீரும் இணைத்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது. ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அந்தம்மா உள்ளே போய், "இதே மாதிரி அப்படியே வேணும்" என்று கணவரிடம் சொன்னார். என் காதால் கேட்டேன். அந்தப் பெருமையில் ஷவரை முழுசாகத் திறந்துவிட்டேன்.

தரைக்கு வடிகால் பக்கம் சாய்வு வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஊருக்கே சொல்வேன். ஆனால் நான் விற்பவன், ஒட்டுபவன் இல்லை. சாய்வு எதிர்ப்பக்கம் விழுந்துவிட்டது. தண்ணீர் வடிகாலை மதிக்கவே இல்லை. நேராகக் கடைக்குள் வந்து, சந்தில் அடுக்கியிருந்த டைல்ஸ் ஒட்டும் பசைத் தூள் மூட்டைகளுக்குள் புகுந்தது. தண்ணீர் பட்ட பசை என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். மறுநாள் காலையில் பதினெட்டு மூட்டையும் பாறை. லாரிக்காரர் கேட்டார்: "அண்ணே, கல் வியாபாரமும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

அந்தக் கணவன் மனைவி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றே ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்கள். முழுக் குளியலறைக்கும். இதையும் சொல்லிவிட வேண்டும், வியாபாரத்தில் மறைப்பது எனக்குப் பிடிக்காது.

கட்டடக்காரர் இரண்டு தடவை வந்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் ஒருத்தரும் அந்த இடத்தைக் கேட்கிறாராம். கால்வாசி வருத்தம். இதற்குக் கீழே என்னால் இறங்க முடியாது, எனக்குக் கட்டுப்படியாகாது.

அத்தான்

டிசம்பர் 1

மாப்பிள்ளைக்கு,

உன் பதில் வரவில்லை. தேவையும் இல்லை. மாட்டிக்கொண்டாய்!

நேற்று உங்கள் ஊரில் வெட்டுக்கிளியின் புது அணியோடு நம் கிளப்பின் ஆட்டம். டிவி முன்னால் நான், உன் அக்கா, சலூன்காரர், பேக்கரிக்காரர். நம் கீப்பர் ஓங்கி உதைத்த பந்தை அந்த இடது பக்கப் பையனே வாங்கி, ஓடி, கோல் போட்டான். மைதானமே செத்த மாதிரி ஆனது. அழுகிற ரசிகர்களைக் காட்டலாம் என்று கேமரா கூட்டத்துக்குள் போனது. உள்ளூர் அணியின் நீலச் சட்டையில் எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரே ஒருத்தன், அவனும் நீலச் சட்டைதான், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கிறான். மின்கம்பம் மாதிரி!

உன் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "ஐயோ, நம்ம தம்பிடா!" பேக்கரிக்காரர் கையிலிருந்த டீயை என் மேல் கொட்டினார். சலூன்காரர் என்னைக் கட்டிப்பிடித்துச் சொன்னார்: "அண்ணே, இனிமே அவர் எழுதவே வேணாம். நாடே பாத்துடுச்சு."

இதற்கு என்ன சொல்கிறாய்? கால்வாசியா, முழுசா?

அத்தான்

டிசம்பர் 9

அன்புள்ள அத்தானுக்கு,

மின்கம்பம் நான்தான். மறுக்கவில்லை.

கம்பெனி ஊழியர்களுக்கெல்லாம் இலவச டிக்கெட் கொடுத்து, நீலச் சட்டையும் போட்டுவிட்டு, உள்ளூர் அணி ரசிகர்கள் நடுவில் உட்கார வைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் எங்கள் மேலாளர். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று தீர்மானித்துத்தான் போனேன். அந்தப் பையன் பந்தை வாங்கியதும் கால் தானாக எழுந்துவிட்டது. வாய் என்னவெல்லாம் கத்தியது என்று தெரியாது. மறுபடி உட்கார்ந்தபோது மேலாளர் கேட்டார்: "பதினாலு, நீங்க எங்க ஆளா, அவங்க ஆளா?"

"வாரம் பூரா உங்க ஆள் சார். ஆட்டம் நடக்கற நேரத்துக்கு மட்டும் லீவு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் என்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார். வாளி, குவளை, துடைப்பம் விற்கும் இடம். நீங்கள் துள்ளிக் குதிப்பீர்கள் என்று தெரிந்தும் சொல்கிறேன்.

ஆனால் அத்தான், நிதானமாக யோசியுங்கள். நான் விட்டுப் போனது உங்கள் கடையை. கிளப்பை நான் எப்போது விட்டேன்? ஆட்டக்காரன்தான் கிளப் மாறுவான், ரசிகன் எங்கே போனாலும் கூடவே கொண்டுபோவான். அதனால் நான் எழுந்து நின்றதை உங்கள் கணக்கில் வரவு வைக்க முடியாது.

வெட்டுக்கிளி கடைசிப் பத்து நிமிடம் ஆடினான், பார்த்தீர்களா? ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையனைத் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போய், கார்னர் கொடி பக்கம் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். வருத்தப்படுகிற முகமாகத் தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தான். எனக்கும் அப்படித்தான்.

நேராகவே சொல்கிறேன். நான் வர ஆசைப்படுகிறேன். வாளிக்குப் பயந்து இல்லை, அக்கா மேல் சத்தியம். நீங்கள் செருப்பு மூழ்கும் தண்ணீரில் நின்று முழுக் குளியலறைக்கு ஆர்டர் எடுத்ததைப் படித்ததிலிருந்து அந்தப் பக்கத்துக் கடையின் சுவர்களை மனசுக்குள் அளந்துகொண்டிருக்கிறேன். ஆனால் வருத்தம் இல்லை, கால்வாசிகூட இல்லை. இங்கே வராமல் இருந்திருந்தால் விளக்கு வைக்கத் தெரிந்திருக்காது, சாய்வை முதலில் பார்க்கத் தோன்றியிருக்காது. இல்லாததை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் அது பொய். பொய் எழுதிக் கொடுத்தவனை நம்பிக் கல்லாவில் உட்கார வைப்பீர்களா? நீங்கள் அப்படிப்பட்ட வியாபாரி என்று நான் நினைக்கவில்லை.

என் நிபந்தனைகள்: முதல் நாளிலிருந்தே லாபத்தில் பாதி. புதுக் கடையின் சுவர், விளக்கு எல்லாம் என் இஷ்டம். வாடிக்கையாளர் முன்னால் சிரிக்கக் கூடாது. ஆட்ட நாளில் கடையை மூட வேண்டும்.

மைத்துனன்

டிசம்பர் 16

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை மைதானத்துக்குக் கொண்டுபோய் இடைவேளையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கல்லா பற்றிய வரியைப் படித்ததும் பேக்கரிக்காரர் தொடையைத் தட்டினார். "ஜெயிச்சான்யா பையன்!" சலூன்காரர் என் கட்சி என்று நம்பி அவர் பக்கம் திரும்பினேன். அவர் கேட்டார்:

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. போனவன் வருத்தப்படறானா, போனவன் வருத்தப்படறானான்னு இத்தனை மாசமா நம்மளப் போட்டு உலுக்கறீங்களே. இங்க வருத்தப்படறது யாரு?"

மொத்த வரிசையும் சிரித்தது. எனக்குப் பின்னால் இருந்த முகம் தெரியாத ஆள்கூடச் சிரித்தார். நான் எழுந்து போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தேன், அந்த முகம் தெரியாத ஆளுக்கும் சேர்த்து. பேக்கரிக்காரர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நிஜ டீதானா என்று.

ஆகவே இப்படி வைத்துக்கொள்வோம். நான் உன்னிடம் கேட்ட சரக்கு உன்னிடம் இல்லை. அது என் கிடங்கில்தான் இருந்திருக்கிறது, நிறையவே. நிபந்தனையை எடுத்துவிட்டேன். எதுவும் எழுத வேண்டாம். கிளம்பி வா.

ஆனால் முதல் நாளிலிருந்து பாதி என்பது கொள்ளை. முதல் போடுவது நான், வாடகைக்கு முன்பணம் கொடுப்பது நான், பதினெட்டு மூட்டைப் பாறையைச் சுமப்பதும் நான். மூன்றில் ஒரு பங்கு தருகிறேன்.

கட்டடக்காரரிடம் ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அத்தான்

டிசம்பர் 20

அன்புள்ள அத்தானுக்கு,

கம்பெனியில் சொல்லிவிட்டேன். மேலாளர் கை கொடுத்தார். "உங்க டீமுக்கே போறீங்களா?" என்று கேட்டார், அப்போது சிரித்தார்.

மூன்றில் ஒரு பங்கு ஆகாது. என் சேமிப்பையும் போடுகிறேன், பாதியாக்குங்கள். ஆட்ட நாளில் கடையை மூடுவது பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அது இல்லாமல் வர மாட்டேன்.

மைத்துனன்

டிசம்பர் 24

மாப்பிள்ளைக்கு,

சேமிப்பைப் போடுகிறேன் என்று முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தபால் செலவு ஆகியிருக்காது.

உன் அக்கா நடுவில் உட்கார்ந்து முடித்து வைத்தாள். இதற்கு மேல் பேரம் இல்லை, அவளிடம் உன்னாலும் முடியாது. முதல் வருடம் லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கு உனக்கு, அடுத்த வருடத்திலிருந்து சரி பாதி. புதுக் கடையின் சுவரும் விளக்கும் உன் பொறுப்பு; நான் உள்ளே வந்து கருத்துச் சொல்வதானால் வாடிக்கையாளர் போன பிறகுதான். கணக்கு உன் அக்கா கையில். நம் மைதானத்தில் ஆட்டம் இருக்கும் நாளில் இரண்டு கடையும் மதியமே மூடப்படும். ஜெயித்தால் மறுநாள் காலையில் நான் திறப்பேன். தோற்றால் நீ திறப்பாய், ஏன் தோற்றோம் என்று தெருவில் வருகிறவர்கள் போகிறவர்கள் கேட்பதற்கெல்லாம் நீயே பதில் சொல்வாய்.

அத்தான்